எரியாத மூட்டு

தெய்வானை எரிந்து முடிந்தாள். அவளுடைய இடுப்பு மூட்டு மட்டும் மறுநாள் காலை வீட்டுக்கு நடந்து வந்துவிட்டது.

கணவர் சௌந்தரபாண்டி கதவைத் திறந்துவிட்டார். கோபால்ட் கலவையில் செய்த மூட்டு அது. அவள் வழுக்கி விழுந்த வருஷம் டாக்டர் வைத்தது. அது நேராக அடுப்படிக்குப் போய்க் காபி போட்டது. எப்போதும்போல் சர்க்கரை தூக்கல். அவர் குடித்துவிட்டு அழுதார்.

மயானத்து இருளப்பன் பின்னாலேயே வந்தார். சாம்பலைத் தர முடியாது என்றார். ஒரு துண்டு மிச்சமிருந்தாலும் அந்த அம்மா போனதாக ஆகாதாம். மயான வாசலிலேயே நிற்கிறாராம். கால் வலிக்கிறது என்கிறாராம். மூட்டை உருக்கிக் கொண்டுவரச் சொன்னார்.

சௌந்தரபாண்டிக்கு அது தெரியாத வேலையா? கொதிக்கும் நீராவி தின்றுவிடாதபடி பாய்லர் வால்வு வாய்களில் இதே கலவையை வெல்டிங்கில் ஏற்றி ஏற்றியே தலை நரைத்தவர். பட்டறை உலையில் வைத்தார். மூட்டு செக்கச்செவேலென்று ஆனது. இளகவில்லை. பழுக்கக் காய்ந்தாலும் கெட்டி குறையாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர் அவர்தான்.

இருளப்பன் யோசித்தார்.

"குடம் உடைச்சிட்டுப் போகையில திரும்பிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப வரத்தான் செய்யும்."

கடைத்தெருவோ கோயிலோ, சௌந்தரபாண்டி விறுவிறுவென்று முன்னால் போவார். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள். கல்யாணமானதிலிருந்து ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்கக்கூடாத அன்றைக்குத்தான் பார்த்தார், பாவி மனுஷன்.

மூட்டை ஆற்றில் போட்டுவிட்டு, இந்தத் தடவையாவது பார்க்காமல் போகச் சொன்னார் இருளப்பன். சௌந்தரபாண்டி காவிரியில் போட்டார். நடந்தார். பின்னால் டொக், டொக் என்று கேட்டது.

"கொஞ்சம் மெதுவாப் போங்களேன்."

அவள் குரல்தான். பல்லைக் கடித்துக்கொண்டார். திரும்பினால் அவள் மறுபடி அந்த மயான வாசலில் நிற்க வேண்டும், வலிக்கிற காலோடு.

திரும்பவில்லை. நடையை மட்டும் குறைத்தார். தெரு அவருக்காக நீண்டுகொடுத்தது. டொக் சத்தம் தேய்ந்தது. இன்னும் குறைத்தார். இன்னும் தேய்ந்தது.

கடைசியில் நின்றேவிட்டார். அவளுக்காக அவர் நின்றது அதுதான் முதல் தடவை.

பின்னால் சத்தமில்லை. அவர் இன்னும் நிற்கிறார்.