ஓட்டிப் பார்த்தது

அந்தச் சைக்கிள் கடையில் எல்லோரும் அவளை வழிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரியைச் சுற்றி மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற அந்தப் பக்கத்தில் ஞாயிறுதோறும் இருபது முப்பது பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்களே, அவர்கள் எங்கே திரும்பணும், எங்கே தண்ணீர் குடிக்கணும், எந்த ஏற்றத்துக்கு மூச்சை மிச்சம் பிடிக்கணும் என்பதெல்லாம் அவள் போட்டுக் கொடுப்பதுதான். வழியைத் தாளில் அச்சடித்து, அடியில் நீல மையில் ஒரு முத்திரை குத்துவாள்: ‘ஓட்டிப் பார்த்தது’. பக்கத்தில் தேதி. தான் மிதிக்காத ரோட்டை ஒரு முழம்கூட அடுத்தவர் தலையில் கட்டமாட்டாள். பதினொரு வருஷமாக அப்படித்தான். அந்த முத்திரையில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, சொல்லத்தானே வேண்டும்.

அன்று காலை எட்டு பத்துக்கு அந்தத் திமிரெல்லாம் இறங்கிப்போனது.

கடையில் அவள் மட்டும்தான் இருந்தாள். முட்டி வீங்கியிருந்ததால் கூட்டத்தோடு போகவில்லை. ஏழு மணிக்கே இருபத்திரண்டு பேரையும் அனுப்பிவிட்டு, கடைக்காரர் தண்ணீர் கேன்களை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பியதும், சங்கிலி எண்ணெய் வாசனைக்கு நடுவில் காபியும் கையுமாக உட்கார்ந்து பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எந்த வழியை ஓட்டினாலும் பார்த்ததை எல்லாம் அதில் எழுதி வைப்பது பழக்கம். இன்றைய வழியும் இருந்தது. அவள் கையெழுத்துதான்.

‘படகுத்துறை ஏற்றம். நூறு அடி ஏறியதும், ஏரியிலிருந்து படகைக் கொட்டகைக்கு இழுக்கிற தண்டவாளம் ரோட்டைக் கோணலாக வெட்டிப் போகிறது. டயர் போகும் அளவு பள்ளம். ஏறும்போது மெதுவாகத்தான் போவோம். பிரச்சினை இல்லை.’

பிரச்சினை இல்லையாம்! காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

ஏனென்றால் இன்று அவர்கள் ஏறவில்லை. இறங்குகிறார்கள்.

வெள்ளிக்கிழமை கடைக்காரர் போன் பண்ணி, “காத்து மாறிடுச்சும்மா, வர்ற வழியெல்லாம் எதிர்காத்தா இருக்கும். ரூட்டைத் திருப்பிப் போட்டுடு” என்றார். மடியில் இருந்த கம்ப்யூட்டரில் அதற்கு ஒரே ஒரு தட்டுதான். வலப்பக்கமாகச் சுற்றின வழி இடப்பக்கமாகச் சுற்றிக்கொள்ளும். முட்டி வேறு விண்விண் என்று தெறித்தது. அதே ரோடு, அதே ஏரி, எதிர்ப்பக்கமாகப் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தாள். தட்டினாள். மறுநாள் கடையில் அச்சடித்தாள். கையோடு கையாக வெள்ளிக்கிழமை தேதி போட்டு முத்திரையையும் குத்திவிட்டாள், மகராசி.

இப்போது கணக்குப் பார். ஒரு கிலோமீட்டர் இறக்கம். அடியில் ஒரு வளைவு. வளைவு முடிந்ததும் தண்டவாளம். விடிகாலையில் மழை வேறு பெய்து ரோடு நனைந்து கிடக்கிறது. ஐம்பது வேகத்தில் வருகிறவன் சக்கரம் அந்தப் பள்ளத்தில் மாட்டினால் சைக்கிள் அங்கேயே நிற்கும், ஆள் நிற்கமாட்டான்.

அதிலும் முன்னால் வரப்போவது யார் என்று அவளுக்குத் தெரியும். அவள் தங்கச்சி.

சின்னவள் முடி வெட்டுகிற வேலை பார்க்கிறாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை இரண்டு கையும் தூக்கியபடியே நிற்கிற வேலை. போன வருஷம் சைக்கிளிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு நொறுங்கி, தகடு வைத்து, பத்து மாசம் வேலைப்பக்கமே போகாமல் கிடந்தாள். “இன்னொரு தடவை அதே பக்கம் விழுந்தீங்கன்னா கையைத் தூக்கறதை மறந்துடுங்க” என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் இன்றுதான் முதன்முதலாகச் சைக்கிளோடு வெளியே வந்திருக்கிறாள். இறக்கம் என்றால் பிரேக் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு ஞாபகம் வராது. காலையில் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: “வேற யாரு போட்ட வழின்னாலும் பயப்படுவேன். எங்கக்கா போட்டதுன்னா கண்ணை மூடிட்டு இறங்குவேன்.”

அக்கா போனை எடுத்தாள்.

போன் போட்டாள். தங்கச்சிக்கு லைன் கிடைக்கவில்லை. கடைக்காரருக்கும் கிடைக்கவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் ஒரு போனுக்கும் உயிர் இருக்காது, அது அவளுக்கே தெரியும். தெரிந்தும் நாலு தடவை போட்டாள். வாசலுக்கு ஓடிவந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, தெரு முழுக்க ஷட்டர். ஒரு கார் இல்லை, ஒரு ஈ காக்காய் இல்லை. படகுத்துறை நாற்பத்தோராவது கிலோமீட்டர். அவர்கள் போகிற வேகத்துக்கு எட்டு முப்பத்தைந்துக்கு அங்கே இருப்பார்கள். மேட்டுக் குறுக்கு ரோட்டில் போனால் ஆறே கிலோமீட்டர்தான். ஆனால் அதில் நாலு கிலோமீட்டர் ஏற்றம்.

கடையைப் பூட்டவில்லை. சைக்கிளை இழுத்தாள், ஆணியில் தொங்கிய மஞ்சள் துண்டைப் பழக்கதோஷத்தில் கழுத்தில் போட்டாள், மிதித்தாள்.

ஐயோ, அந்த ஏற்றம்! சாதாரண நாளிலேயே சாமியைக் கூப்பிட வைக்கிற ஏற்றம். ஒவ்வொரு மிதிக்கும் முட்டிக்குள் ஊசி இறங்கியது. இறங்கட்டும் என்று மிதித்தாள். “இடிச்சபுளி மாதிரி உக்காந்து ஒரு தட்டு தட்டினியே, இப்ப மிதி. மிதிடி” என்று தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள். மேட்டின் உச்சியில் ஏரி கண்ணில் பட்டது. புல்வெளிகளுக்கு நடுவில், ஒரு மேடு ஏறி ஒரு பள்ளம் இறங்கி, தண்ணீர் ஓரமாக ரோடு ஓடுவது முழுசாகத் தெரிந்தது. அழகான இடம்தான். அன்றைக்கு அவள் அதில் ஒன்றைத்தான் தேடினாள். தூரத்தில், கடைசி மேட்டுக்குக் கீழே, பொடிப்பொடியாக நிறங்கள் நகர்ந்தன. வந்துவிட்டார்கள்.

படகுக் கொட்டகைப் பக்கம் வந்து இறங்கியபோது எட்டு முப்பத்துமூன்று. தண்டவாளத்தைப் பார்த்தாள். ஈரத்தில் மினுமினுத்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அடியில் பெடலில் மாட்டுகிற கட்டை வைத்த சைக்கிள் ஷூ டக்டக் என்று வழுக்க, நொண்டி நொண்டி வளைவைத் தாண்டி மேலே ஓடினாள். வளைவுக்கு முன்னால் அவர்கள் கண்ணில் பட்டாக வேண்டும்.

மேலே உச்சியில் முதல் தலை தெரிந்தது. சிவப்புத் தொப்பி. சின்னவள்தான், வேறு யார்?

வழிக்காரி மஞ்சள் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுழற்றினாள். “நில்லுடி! நில்லு!”

அங்கேதான் அவள் மறந்துபோனாள். பதினொரு வருஷமாக எந்தக் கஷ்டமான இடமானாலும் ரோட்டோரம் நின்று அதே மஞ்சள் துண்டைச் சுழற்றுவாள். அதற்கு அந்தக் கூட்டத்தில் ஒரே அர்த்தம்தான்: அழுத்து, விடாதே, நான் இருக்கேன். மேலேயிருந்து சின்னவள் ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். பிறகு தாடை ஹேண்டில்பாரில் படுகிற அளவுக்குக் குனிந்து, இன்னும் வேகமாக மிதித்தாள். பின்னால் ஒவ்வொருவராகக் குனிவதும் தெரிந்தது.

துண்டைத் தூக்கி எறிந்தாள். கத்தினால் காற்று எடுத்துக்கொண்டு போகிறது. கையை ஆட்டினால் உற்சாகம் என்கிறார்கள். இனி என்ன செய்ய? இந்தச் சைக்கிள்காரர்கள் எதைப் பார்த்தால் நிற்பார்கள்? எதைப் பார்த்தால் யோசிக்காமல் இரண்டு பிரேக்கையும் பிடிப்பார்கள்?

சைக்கிளை ரோட்டுக்கு நடுவில் சாய்த்துப் போட்டாள். பக்கத்தில் கையைக் காலை விரித்துத் தானும் மல்லாந்து விழுந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டாள். முதுகில் ஈரம் ஏறியது. சக்கரங்களின் இரைச்சல் ரோட்டு வழியாகவே காதுக்கு வந்தது, பெரிதாகிக்கொண்டே வந்தது. நிற்கவில்லை என்றால் என் மேலேதான் ஏறப்போகிறாள், ஏறட்டும், தண்டவாளத்துக்குப் போகாமல் இருந்தால் சரி என்று நினைத்தாள்.

“விழுந்தாச்சு!” தங்கச்சியின் குரல்தான். “விழுந்தாச்சு! விழுந்தாச்சு!” என்று வரிசை நெடுக அந்தக் கூவல் பின்னால் போனது. பிரேக்குகள் கீச்சிட்டன. ரப்பர் வாசனை. ஏதோ ஒரு சக்கரம் அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது.

“அக்கா! அக்கா, எங்கடி அடி? யாராவது வாங்களேன்! அக்கா, கண்ணைத் திறடி!”

திறந்தாள். சின்னவள் முகம் வெளுத்து, மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தது.

“அடி இல்ல.”

“என்னது?”

“அடி படல. உங்களை நிறுத்தத்தான் படுத்தேன்.”

“நீ என்ன லூசா?” என்று தோளில் ஒரு அறை விட்டாள் தங்கச்சி. “உசுரே போயிடுச்சு எனக்கு!”

வழிக்காரி எழுந்து வளைவுக்குக் கீழே கையைக் காட்டினாள். எல்லோரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் பார்த்தார்கள். கூட்டத்தில் இருந்த கணக்கு வாத்தியார் ஒருவர் குனிந்து, தன் டயரைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். அளவெடுத்தது மாதிரி பொருந்தியது.

“நல்ல வேளைங்க” என்றார் அவர். “நீங்க மட்டும் வரலைன்னா இன்னிக்கு பாதிப் பேர் ஆஸ்பத்திரியில. வழிக்காரி இருக்கிறவரைக்கும் நமக்கென்ன குறை?”

ஆமாம் ஆமாம் என்றார்கள். வாத்தியார் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்படியே விட்டுவிட்டால் போதும், புண்ணியவதி என்ற பெயரோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒரு நிமிஷம் அந்த ஆசையும் அவளுக்கு வந்தது, மறைப்பானேன்.

சின்னவள் பக்கத்தில் வந்தாள். முதுகுப் பையிலிருந்து வழித்தாளை எடுத்தாள். வியர்வையில் நனைந்து, நீல மை கொஞ்சம் பரவியிருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது.

“ஓட்டிப் பார்த்ததுன்னு போட்டிருக்க. வெள்ளிக்கிழமை தேதி.”

“ம்.”

“வெள்ளிக்கிழமை பூரா நீ எங்க வீட்டு சோபாவுலதானே இருந்த? உன் முட்டிக்கு நான்தானே ஐஸ் வச்சேன்?”

வாத்தியார் குலுக்கின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் நின்றாள்.

“ஆமா” என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள். “ஓட்டல. திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான் பண்ணேன்.”

தங்கச்சி தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். வலது கையால் இடது தோளைத் தொட்டு, தகடு இருக்கிற இடத்தை ஒரு தரம் தடவிக்கொண்டாள். சைக்கிளைத் தூக்கித் தண்டவாளத்தைத் தாண்டி வைத்துவிட்டு ஏறினாள். அக்காவும் நொண்டிக்கொண்டே பக்கத்தில் ஏறிக்கொண்டாள். இன்னும் இருபத்தேழு கிலோமீட்டர் இருந்தது.

ஏரியோரம் கொஞ்ச தூரம் சமதளம். பிறகு ஒரு சின்ன மேடு. அதன் உச்சிக்கு வந்ததும், போன வருஷம்வரை பிரேக்கே தொடாத சின்னவள் இரண்டு பிரேக்கையும் பிடித்து, காலை ஊன்றி நின்றாள். கீழே ரோடு மரங்களுக்குள் நுழைந்து மறைந்தது.

“இது ஓட்டினதா?”

“ஓட்டியிருக்கேன். இருபது தடவையாவது ஓட்டியிருப்பேன்டி.”

“எந்தப் பக்கத்துல இருந்து?”

அக்கா கீழே மரங்களைக் கையால் காட்டினாள், அங்கேயிருந்து மேலே. தங்கச்சி சைக்கிளிலிருந்து இறங்கி, அந்த இறக்கத்தை நடந்தே இறங்க ஆரம்பித்தாள். பின்னால் இருபத்தொரு பேரும் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டார்கள்.