ஆயிரம் நாள் ஓடிய சர்வர்

மருத்துவமனை வரவேற்பறைச் சுவரில் ஒரு பெரிய டிவி. நோயாளிகளுக்குப் பயன்படும் எதுவும் அதில் ஓடாது. ‘நமது சர்வர் ஓய்வின்றி இயங்கும் நாள்: 988’ என்று பச்சை எழுத்தில் நிற்கும், அவ்வளவுதான். இயக்குநரின் யோசனை. வாயைத் திறந்தால் தொலைநோக்கு என்பதால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுவே. ஆயிரமாவது நாளுக்குக் கேக்கும் சிறப்பு விருந்தினரும் ஏற்பாடாகிவிட்டன.

“ஆயிரம் நாளா குளிக்கலைன்னு எவனாவது விழா எடுப்பானா, தங்கச்சி?” என்றார் லேப் அண்ணன்.

அவர் ‘தங்கச்சி’ என்றது சர்வர்களைக் கவனிக்கும் ஒப்பந்த ஊழியரை. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே இறங்கும். தேவைப்பட்டால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு இயந்திரம் தானே ரீஸ்டார்ட் ஆகும். பதினான்கு சர்வர்களிலும் அதை அமைத்தவள் அவள். ‘தானியங்கிப் புரட்சி’ என்று பெயர் சூட்டிச் சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவர் தொலைநோக்கு. மறுநாளே வாய்மொழியாக ஒரு விலக்கும் தந்தார்: நோயாளிகளின் அறிக்கைகள் இருக்கும் பெரிய சர்வர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகக் கூடாது. ஆகிவிட்டால் டிவியில் எண் பூஜ்யமாகிவிடுமே.

அந்தப் புதன்கிழமை, சர்வர் மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக எச்சரிக்கை வந்தது. வெளியிலிருந்து எவன் வேண்டுமானாலும் நுழைந்து, யாருக்கு என்ன நோய் என்று படித்துவிடலாம். திருத்தம் இறங்கிவிட்டது. ரீஸ்டார்ட் செய்யாமல் அது வேலைக்கு ஆகாது.

“நாலு நிமிஷம்தான் சார்.”

“பன்னெண்டு நாள் பொறும்மா. என்ன குடி முழுகிடப் போகுது?”

“அப்போ ரீஸ்டார்ட் வேண்டாம்னு எழுதிக் குடுங்க.”

“எழுதறதா? நான் வாயால சொன்னா மதிப்பில்லையா?”

“சுற்றறிக்கையில உங்க கையெழுத்து இருக்கு சார். அதுல விலக்கு எதுவும் இல்ல.”

அவர் எழுதித் தரவில்லை. அவள் ரீஸ்டார்ட் விலக்குப் பட்டியலில் பெரிய சர்வருக்காக இருந்த அந்த ஒரே வரியை அழித்தாள். ஞாயிறு காலை சர்வர் அணைந்தது, எழுந்தது. எந்த நோயாளிக்கும் தெரியவில்லை. திங்களன்று டிவி ‘1’ என்றது. தொலைநோக்கின் தலையில் மட்டும் இடி விழுந்தது.

“மானத்தை வாங்கிட்டியே. சரி, போனது போகட்டும். அந்த எண்ணை 993னு மாத்திடு.”

“நடக்காததை நடந்ததா போடறது என் வேலை இல்ல சார்.”

அவளுடைய ஒப்பந்தம் வருகிற ஞாயிறோடு முடிகிறது. புதுப்பிக்கும் ஆணை அவர் மேஜை இழுப்பறையில் இருந்தது. அவர் இழுப்பறையைத் திறந்து காட்டி, மூடினார்.

“எண் மாறட்டும். அப்புறம் கையெழுத்து.”

அந்த வாரம் முழுக்க அவள் கொதித்தாள். வீட்டு வாடகை, தம்பியின் படிப்பு எல்லாம் அந்த இழுப்பறைக்குள் கிடந்தன. நாற்பதாயிரம் பேருடைய நோய் ரகசியத்தைக் காத்ததற்குத் தண்டனை. ஒரு பச்சை எண்ணுக்குக் கேக். “மாத்திட்டுப் போயேன், யாரு எண்ணிப் பார்க்கப் போறா?” என்று லேப் அண்ணனே சொன்னார். “நான் எண்ணிப் பார்ப்பேன்ணே” என்றாள்.

விழா நாள் காலை. டிவியில் ‘8’. சிறப்பு விருந்தினரின் கார் வாசலுக்கு வந்துவிட்டது. அடையாள அட்டையை ஒப்படைக்க வந்திருந்தவளை வரவேற்பறையிலேயே மடக்கினார் தொலைநோக்கு. கையில் ஆணை, கையெழுத்தின் மை கூடக் காயவில்லை.

“போட்டுட்டேன்மா. சீக்கிரம் மாத்து.”

“மாத்த மாட்டேன்னு அன்னிக்கே சொன்னேனே சார். இனி நினைச்சாலும் முடியாது. நேத்தோட ஒப்பந்தம் முடிஞ்சு சர்வருக்குள்ள நுழையற என் கணக்கு தானா பூட்டிக்கிச்சு.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“ரெண்டாவது ஆள் வேணும்னு மூணு தடவை எழுதினேன். அதெல்லாம் தொலைநோக்கு இல்லாத செலவுன்னீங்க.”

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வரவேற்பு மேஜையில் தடித்த பேனா இருந்தது. வெற்றுத் தாள் இல்லை. கையிலிருந்த ஆணையைத் திருப்பினார். பின்பக்கம் சுத்தமாக இருந்தது. ‘1000’ என்று பெரிதாக எழுதி, டேப்பைக் கிழித்து, டிவியின் ‘8’ மேல் ஒட்டினார்.

விருந்தினர் உள்ளே நுழைந்து, அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அவளுடைய வேலை திரையைப் பார்த்துக் குப்புற ஒட்டியிருந்தது. அடையாள அட்டையைக் கேக் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் வெளியேறினாள்.