லைனிங் வைத்த நிழல்

ஏழாம் எண் ரகத்தைத் தூக்கிவிடச் சொல்லிவிட்டார் பேராசிரியர். இரண்டு வருடம் நான் பொறுக்கி எடுத்த கோதுமை அது. வெயில் குறைந்தாலும் மணி பிடிக்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். நிழல்வலை போர்த்திய அதன் மூன்று பாத்திகளில் இரண்டில் விளைச்சல் கொஞ்சம்தான் குறைந்தது. மூன்றாவது காலை வாரிவிட்டது. கதிரில் பாதி பதர்.

"ஒரே நிழல்ல ஒவ்வொரு மாதிரி நடந்துக்கிற ரகத்தை யார் நம்புவா? இல்ல, நீதான் எடையைத் தப்பாப் போட்டியா? வீட்ல சொல்லிக்குடுக்கப் படிச்சவங்களும் இல்ல."

"வீட்ல படிச்சவங்க இருந்தா தராசு வேற எடை காட்டுமா சார்?"

முகம் சிவந்தது அவருக்கு. "நாளைக்குக் காரணத்தோட வா. இல்லேன்னா ஏழு கிடையாது."

அந்தக் கோபத்தோடு வலை உறைகளை மடிக்கப் போனேன். எல்லாம் அம்மா தைத்தவை. அம்மா தையல்காரி. அந்த மூன்றாவது பாத்தியின் உறை மட்டும் கையில் கனத்தது. உள்ளே இன்னொரு வலை, ஓரம் அடித்துக் கச்சிதமாக. உடனே போன் போட்டேன்.

"ஏழாம் நம்பர் உறையில என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"லைனிங். உனக்குப் பிடிச்ச பயிர்னு சொன்னியேடி. மிச்ச வலை ஒண்ணுக்குத்தான் வந்துச்சு."

"வெயில் குறைஞ்சா என்னாகுதுன்னு பாக்குற சோதனைம்மா அது!"

"நானும் வெயில் குறையிற மாதிரிதானே தச்சேன்? இதுல என்ன குறை?"

எரிச்சலோடு சிரிப்பும் வந்தது. தைத்தது அவள், அளந்து பார்க்காமல் போர்த்தியது நான்.

மறுநாள் இரண்டு உறைகளையும் பேராசிரியர் முன் வெயிலில் விரித்து, வெளிச்சம் அளக்கும் கருவியை அடியில் வைத்தேன். சாதா உறைக்குள் நூற்றுக்கு அறுபது பங்கு. லைனிங் உறைக்குள் முப்பத்தாறு.

"அளக்காம விட்டது என் தப்பு சார். எடை தப்பில்ல."

அவரே குனிந்து இன்னொரு முறை அளந்தார். நோட்டைப் புரட்டினார்.

"மத்த ரகமெல்லாம் அறுபதுலயே விளைச்சல் பாதியாயிடுச்சு. இது முப்பத்தாறுலதான் பாதியாகுது. ஒரு பாத்தியை வச்சு முடிவு கட்ட முடியாது. அடுத்த பருவம் எல்லா ரகத்துக்கும் ரெண்டு விதமா நிழல் போடு. ஏழும் இருக்கட்டும்." நிமிர்ந்தார். "அத்தனை லைனிங் யாரும்மா தைப்பா?"

"எங்க வீட்ல படிக்காதவங்க ஒருத்தங்க இருக்காங்க சார்."

அவர் கருவியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு பாத்தி அளக்கப் போனேன்.