டி-ஷர்ட்டில் ரெண்டு அருவி

ஆபீஸ் சிநேகிதிகளோடு தேசியப் பூங்காவுக்குப் போய்வந்த மகள், பையைத் திறந்து ஒரு டி-ஷர்ட்டை எடுத்து அம்மாவின் தோளில் வைத்து அளவு பார்த்தாள். நெஞ்சில் பச்சை மலை, ஏரி, இரண்டு அருவி, கீழே பூங்காவின் பெயர்.

"உனக்குத்தாம்மா. அங்க இருக்கற கடையிலயே வாங்கினேன்."

அம்மா சிரித்துவைத்தாள். மனசுக்குள் சுருக்கென்றது. டி-ஷர்ட் அச்சடிக்கும் பட்டறையில் மடித்து அடுக்குகிறவள் அவள். எதையும் லேசில் நம்பமாட்டாள் என்பதால் அங்கே அவளுக்குப் 'போலீஸ்காரி' என்று பட்டப்பெயர். பூங்காக் கடைக்கு அவர்கள் அடிக்கும் இந்தப் படத்தில் அருவி ஒன்றுதான். போன வாரம் அச்சுச் சட்டம் நழுவி, ஒரு கட்டு முழுக்க அருவி இரண்டாக விழுந்துவிட்டது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, அந்த ரிஜெக்ட் சரக்கை ரயில் நிலையத்துக் கடைக்காரனிடம் தள்ளிவிட்டார். கட்டிக் கொடுத்ததே இவள்தான். அம்மா பட்டறையில் என்னத்தை மடிக்கிறாள் என்று மகள் என்றைக்குக் கேட்டிருக்கிறாள்?

அப்படியானால் கழுதை பூங்காவுக்கே போகவில்லை!

"அருவி நல்லா இருந்துச்சாடி?"

"ஐயோ, செமயா இருந்துச்சும்மா!"

"எத்தனை அருவி?"

மகளின் கண் ஒரு நொடி டி-ஷர்ட்டுக்குப் போய்வந்தது. "ரெண்டு. பக்கத்துப் பக்கத்துல."

இரண்டாமே, இரண்டு! எவனோ ஒருத்தன் இருக்கிறான். குளியலறைக்குள் போனைக் கொண்டுபோய்க் குசுகுசுத்ததும், திடீரென்று புதுச் செருப்பு வாங்கியதும் இப்போதல்லவா விளங்குகிறது! புருஷன் போனபின் அவளுக்கென்று இருப்பது இந்த ஒருத்திதான். இவளையும் எவனாவது கொத்திக்கொண்டு போய்விட்டால், அப்புறம் யார் முகத்தைப் பார்த்துச் சோறு இறங்கும்?

"யாருடி அவன்?"

"எவன்?"

"நடிக்காதே. இது எங்க பட்டறை ரிஜெக்ட்டு. என் கையால கட்டிக் கொடுத்தது. ஸ்டேஷன்ல வாங்கிட்டு வந்து என் காதுலயே பூ சுத்தறியா? மரியாதையாச் சொல்லு, யாரு அவன்?"

மகள் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"சத்தியமா எவனும் இல்லம்மா. வெளிநாட்டு வேலைக்கு இன்டர்வியூ போனேன். சொன்னா நீ விடமாட்டே. வேலை கிடைச்சிடுச்சு. அடுத்த மாசம் கிளம்பணும். மூணு வருஷம்."

அம்மா டி-ஷர்ட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு ஓவென்று அழுதுவிட்டாள்.

"பாவி மகளே, எவனாவது ஒருத்தன் இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா? கையில கால்ல விழுந்தாவது அவனை இந்த வீட்டோட வச்சுக்கிட்டிருப்பேனேடி!"