நானே எடுக்காத தண்ணீர்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் ஜான்சன். எங்கள் சபைச் செயலாளர். காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விசுவாசத்தைத் திங்கட்கிழமை வேலைக்கும் கொண்டுபோகிற ஒரு வாலிபரைப் பற்றி, சபையின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்றார். யாரைப் பற்றி என்று கேட்டேன். யோசிக்காமல் ஷாரோன் பெயரைச் சொன்னார். அப்போது அவருக்கு எதுவும் தெரியாது. எனக்கும்தான்.

முதல் தொடக்கம்: 'காலைப் பனியில் கோபுரங்கள் கண்விழிக்க, ஷாரோன் தன் ஸ்கூட்டியை' (அடித்துவிட்டேன். அவளிடம் ஸ்கூட்டி கிடையாது.)

இரண்டாவது: 'ஷாரோன் ஒரு சாதாரணப் பெண். ஆனால்' (அந்த 'ஆனால்' மேலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.)

2

ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஷாரோனுக்கு இருபத்து நான்கு வயது. தண்ணீரைச் சோதித்துச் சான்று தரும் தனியார் லேப் ஒன்றில் வேலை. சபையின் வாலிபர் முகாமில் அவளுக்கு வகுப்பு எடுத்தவரும் ஜான்சன்தான். விசுவாசத்தை ஆலயத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள், அது கம்பெனியிலும் தெருவிலும் தெரிய வேண்டும் என்றார். திங்கள் முதல் வேலையில் எதை மாற்றுவீர்கள் என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னார். ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகிற பையன்கள், சாப்பிடும் முன் ஜெபம் செய்வோம் என்று எழுதினார்கள். ஒருத்தி கம்ப்யூட்டரில் வசனம் ஒட்டுவாளாம். ஷாரோன் எழுதியது: 'நானே எடுக்காத தண்ணீருக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.'

ஜான்சன் அதை இரண்டு முறை உரக்க வாசித்து, எல்லோரையும் கைதட்டச் சொன்னார். வாசித்தது அவர் காதிலேயே விழவில்லை.

(அடிக்குறிப்பில் வர வேண்டியது: சாயப்பட்டறைகள் தங்கள் கழிவுநீரைத் தாங்களே கேனில் பிடித்து அந்த லேபுக்கு அனுப்பும். கழிவுநீர் என்று கேனில் வருவதைப் பெரும்பாலும் காய்ச்சாமலே குடிக்கலாம், அவ்வளவு சுத்தம்.)

3

திங்கட்கிழமை அவள் பாட்டில்களோடு கிளம்பினாள். வெயிலில் அலைய ஆசையென்றால் போ என்று மேனேஜர் விட்டுவிட்டார். அன்று சோதிக்க வேண்டிய பட்டறைகளின் பட்டியலில் மூன்றாவது ஜான்சனுடையது. ஷாரோனின் அப்பா இளங்கோவன் பதினெட்டு வருஷமாக அங்கேதான் சாய மாஸ்டர். இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடலாமா என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றதாக என்னிடம் ஒப்புக்கொண்டாள். பிறகு பின்பக்கம் சுற்றிப் போய், குழாயிலிருந்து கால்வாயில் விழுந்த தண்ணீரைப் பிடித்தாள். அரக்குச் சிவப்பு.

பின்தெருவில் தறி ஓட்டும் ரேவதி பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எங்க போர்லயும் இதான்மா வருது. உள்ள இன்னா கலர் ஓடுதுன்னு கொடத்தப் பாத்தே சொல்லிடுவோம்."

4

முதல் வரைவில் ஜான்சனை வேஷக்காரராக எழுதியிருந்தேன். எழுதச் சுலபமாக இருந்தது. கிழித்துப் போட்டேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினொரு நாள் சாப்பாடு கொண்டுவந்தவர் அவர். நிலமும் இல்லாமல் வேலையும் இல்லாமல் இருந்த பல குடும்பங்களுக்கு முதன்முதலில் வேலை கொடுத்ததும் அவர் பட்டறைதான்.

ரிசல்ட் வந்த அன்று சாயந்திரம் அவர் ஷாரோன் வீட்டுக்கு வந்தார். சுத்திகரிக்கும் மெஷின் பழுதாகிவிட்டது, ஒரு மாதத்தில் சரிசெய்துவிடுகிறேன், அதுவரை ரிப்போர்ட்டை நிறுத்தி வை என்று கேட்டார். இளங்கோவன் தலை குனிந்து நின்றார்.

"வேலையில விசுவாசம் வேணும்னு சொன்னேன்மா. இருபது பேருக்கு வேலையே போற மாதிரி வேணும்னு சொன்னேனா?"

"எதுவரைக்கும்னு நீங்க சொல்லல அங்கிள்," என்றாள் ஷாரோன்.

மறுநாள் ரிப்போர்ட் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போனது. அந்த வாரமே அதிகாரிகள் வந்து பட்டறையை மூடினார்கள்.

5

முடிவு அ: ஜான்சன் ரேவதி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறார். (மலருக்குப் பொருத்தம். நடக்கவில்லை.)

முடிவு ஆ: சபையே ஷாரோனை ஒதுக்கி வைக்கிறது. (எனக்குப் பிடித்தது இது. இதுவும் நடக்கவில்லை. 'இந்தக் காரியத்துக்காக ஜெபிப்போம்' என்று அறிவித்தார்கள். யாருக்காக என்று சொல்லவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். மூன்று வாரம் அப்பா அவளோடு பேசவில்லை. அவள் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். விரலிடுக்குகளில் பதினெட்டு வருஷமாக இருந்த சாயம் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. மெஷின் சரியாகிவிட்டது, மறுபடி சோதிக்கலாம் என்று ஜான்சன் எழுதிக் கொடுத்தார். வேறு ஆளை அனுப்புகிறோம் என்றது லேப். நானே போகிறேன் என்றாள் ஷாரோன்.

அன்று காலை அவள் கிளம்பும்போது இளங்கோவனும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"அந்தப் பின்னாடி கொழாயில புடிக்காத. எதுல புடிக்கணும்னு நான் காட்டறேன், வா."

இன்னொரு குழாய் இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். மகளுக்கு உண்மையைக் காட்டக் கூப்பிடுகிறாரா, பட்டறையைக் காப்பாற்றக் கூப்பிடுகிறாரா? முன்னால் நடந்துகொண்டிருந்தவரின் முதுகைப் பார்த்து எது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் இல்லை.

எந்தக் குழாய் என்று நானும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுத வேண்டியிருக்கும். அவள் வீடு ஓரிக்கையில். நீங்கள் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.