அருளப்பனின் ஐந்து பங்குகள்

1

இக்கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பிரித்தானியாவில் இருபத்தேழு ஆண்டு உழைத்து, அறுபத்தாறாம் வயதில் மன்னாரின் மீன்பிடிக் கிராமமான பேசாலைக்கு மீண்ட அருளப்பன், தம் தனியார் ஓய்வூதியம் பற்றி வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லுமாறு என்னை அழைத்தார். நானும் ஓய்வூதியம் பெறும் பழைய பள்ளி ஆசிரியன். ஆகவே அத்துறை எனக்குத் தெரியும் என நம்பினார். அந்நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வாடைக்காற்று வலைகளைத் தழுவி—’

[விட்டுவிட்டேன். காற்று இக்கதையில் ஒன்றும் செய்யப்போவதில்லை.]

மறுபடியும்: ‘மேரிசெல்வி தேநீரை மேசையில் வைத்தபோது, கணவர் இறந்தால் தமக்கு என்ன கிடைக்கும் என்பதை அறிந்திருக்கவில்லை.’ இது பரவாயில்லை. அடுத்த வியாழக்கிழமை யாழ்ப்பாணத்தில் அக்கணவருக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை நடக்கவிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்க.

2

நீங்கள் இறந்தால் எஞ்சிய பணம் எவரைச் சேரவேண்டும் என 2003இல் எழுதித் தந்தீர்கள்; அது இன்றும் சரிதானா என்று பாருங்கள். இதுவே கடிதத்தின் சாரம். கீழே ஐந்து பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இருபது. எமில், வேறு மூவர், ஐந்தாவதாக அருளப்பன். மேரிசெல்வியின் பெயர் எங்கும் இல்லை.

“இதில உங்கட பேரும் கிடக்கு. நீங்கள் செத்தால் உங்களுக்கு இருபது வீதம்,” என்றேன்.

“ஓம் மாஸ்ரர். அது என்ர பங்கு.”

இலண்டனுக்கு வடக்கே ஒரே அறையில் இந்த ஐவரும் இருந்தனர். ஒருவர் வேலையிழந்தால் மற்ற நால்வரும் அவர் வாடகையைக் கட்டினர். படிவம் கைக்கு வந்தபோது அருளப்பன் தமக்குத் தெரிந்த ஒரே முறைப்படி அதை நிரப்பினார். மீன்பிடிக்க வள்ளத்திற் போனவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. கரையில் நிற்பவளுக்குத் தனிப்பங்கு கிடையாது; அவளுக்குரியது புருசன் கையால் வரும்.

“என்ர பங்கு இவளின்ர கைக்குத்தானே வரும். பிறகு தனியா என்னத்துக்கு?”

“செத்தாப்பிறகு எந்தக் கையால தருவீங்கள்?” என்று வினவினார் மேரிசெல்வி.*

* பிரித்தானிய அரச ஓய்வூதியத்தை நம்பலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். அதை இலங்கையில் வாழ்ந்தபடி பெறுவோருக்கு முதல் நாள் கிடைத்த தொகையே ஆயுள் முழுவதும்; அங்கே இருப்போருக்கு ஆண்டுதோறும் ஏறும். “மன்னாரில விலை ஏறாத ஒரே சாமான் நான்தான்,” என்பார் அருளப்பன். அவர் கண்மூடினால் அதுவும் நின்றுபோகும். மனைவிக்கு அதில் அநேகமாக ஒன்றும் இராது.

3

முதல் வரைவில் மேரிசெல்வியை அழவைத்திருந்தேன். அது பொய். அவர் என்னிடம் சீனி போதுமா என்றுதான் கேட்டார்.

பிறரது நெஞ்சுக்குள் நுழைய எனக்கு உரிமையில்லை. எனினும் கதை சொல்பவன் என்ற துணிவில் நுழைகிறேன். கருவாடு காயவைத்து இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர் அவர். மாதாமாதம் வந்த காசில் ஒரு சதமும் வீணாக்காதவர். நாலு அந்நியருக்கு எண்பதா என்ற கேள்வி அவருக்குள் உப்பாகக் கரித்தது. அந்நால்வரையும் சபிக்க அவர் வாயெடுத்த வேளையிலேதான் அருளப்பன் சொன்னார்:

“அங்க எனக்கு ஒருக்கா எட்டு மாசம் வேலையில்லை, செல்வி. உனக்குச் சொல்லேல்ல.”

“விசர்க்கதை. காசு ஒரு மாசமும் பிந்தேல்லையே.”

“எமிலாக்கள் அனுப்பினவங்கள்.”

மேரிசெல்வி கதிரையில் அமர்ந்தார். அந்த எட்டு மாதச் சோறும் இப்போதுதான் அவர் தொண்டையில் இறங்கியது போலும்.

[‘போலும்’ என்பதை எடுத்துவிட நினைத்தேன். இருக்கட்டும், எனக்கு நிச்சயமில்லை.]

4

முடிவு அ: அருளப்பன் நால்வரையும் நீக்கி, மனைவிக்கே நூறும் எழுதுகிறார். நான் கொடுத்த ஆலோசனை இதுவே. அதற்கு அவர் தந்த மறுமொழி: “ஒருத்தன்ர பங்கில கை வைக்கச் சொல்லுறீங்களோ மாஸ்ரர்? உங்கட பென்சனில பாதி தாங்கோவன், பாப்பம்.”

முடிவு ஆ: மேரிசெல்வி பெருந்தன்மையோடு, எல்லாம் அவர்களுக்கே போகட்டும் என்கிறார். இது என் பேனாவுக்கு மிகவும் பிடித்திருந்தது, ஆதலால் வெட்டிவிட்டேன். மாதம் பிறந்தால் வங்கியிற் பணம் விழுகின்ற ஒருவன், இன்னொருத்திக்கு வறுமையைச் சிபாரிசு செய்தல் மிக எளிது.

5

நடந்தது இது. கடிதத்தோடு வந்த புதுப் படிவத்தில், அருளப்பன் சொல்லச்சொல்ல நால்வரின் பெயர்களையும் எழுதினேன். ஐந்தாம் வரிக்கு வந்ததும் மேரிசெல்வி கை நீட்டினார்.

“பேனையைத் தாங்கோ. செத்தவருக்குப் பங்கில்லை.”

தம் பெயரைத் தாமே எழுதினார். அருளப்பன் மறுக்கவில்லை. பெயர்களுக்கு எதிரே ஐந்து வெற்றுக் கட்டங்கள்; கூட்டினால் நூறு வரவேண்டும். தமக்கு இருபத்தொன்று எழுதினாலும் அந்த ஒன்று எமில் முதலானோரிடமிருந்தே வரவேண்டும் என்பதை மேரிசெல்வி அறிவார்.

“எத்தினை எண்டு போடப்போறாய்?” என்றார் கணவர்.

“நீங்கள் சொல்லுங்கோ மாஸ்ரர்,” என்றார் மேரிசெல்வி.

நான் கண்ணாடியைத் துடைக்கலானேன். படிவத்தின் அடியில் சிற்றெழுத்தில் ஓய்வூதிய நிறுவனத்தாரின் ஒரு வரி: இது உங்கள் விருப்பம் மாத்திரமே, இறுதித் தீர்மானம் எம்முடையது.

என் விருப்பத்தையும் நான் தெரிவித்தாயிற்று. அதை ஒருவரும் ஏற்கவில்லை. ஆகவே வாசகரே, இனித் தீர்மானம் உங்களுடையது. மேரிசெல்வி பேனையைப் பிடித்தபடி இருக்கிறார். தபாற்கந்தோர் நாலு மணிக்குப் பூட்டும்.