மயிலாள் ஆறு முறை எழுந்தாள்

1

இந்தக் கதை பிறந்த இடம் எங்கள் வீட்டு மேசை இழுப்பறை. உள்ளே ஒரு பழைய ஸ்டாப்வாட்ச் கிடக்கிறது. அதை ஏன் தூக்கிப் போடவில்லை என்று கேட்டால் பேராசிரியர் ராஜவேல், அதாவது என் கணவர், பேச்சை மாற்றுவார். கதை எழுதுகிறவளைக் கட்டிக்கொண்டு பேச்சை மாற்றினால் விடுவேனா?

2

முதல் தொடக்கம்: 'வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி. இளம் இன்ஜினியர் ராஜவேல் கூர்மையான கண்களுடன்...'

(அடித்துவிட்டேன். கண் கூர்மையாக இருந்திருந்தால் கதையே இல்லை.)

இரண்டாவது: எந்த டெய்லர் எவ்வளவு நேரம் வீணாக்குகிறார் என்று அளப்பது அவர் வேலை. ஓவர்லாக் மெஷினில் தைத்த மயிலாள் மணிக்கு ஆறு முறை எழுந்து எதிர் மெஷினுக்குப் போய்வந்தாள். அவளைக் கடைசி மூலைக்கு மாற்றச் சொல்லி அறிக்கை கொடுத்தார். மாற்றினார்கள். அந்தச் சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு, அவள் தைத்த வரிசையிலிருந்த பதினான்கு பேரும் ஒன்றாக வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

அவர்களை எது சேர்த்து வைத்திருந்தது என்று ஸ்டாப்வாட்சில் தெரியவில்லை. மனுஷன் இன்ஜினியரிங்கை விட்டு, மறுபடி மாணவராகி, மனிதர்கள் கூட்டாக எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் குழு இயங்கியல் படித்தார். முதல் ஆய்வுக் கட்டுரையே மயிலாளைப் பற்றி: புதிதாக வந்த பெண்ணுக்குத் தைக்க உதவத்தான் அவள் எழுந்தாள். முப்பது வருடப் புகழ் அந்த ஒரு வரியின் மேல் நிற்கிறது. [புகழ் என்று எழுதியதைப் பார்த்தால் கூசிப்போவார். இருக்கட்டும், எனக்குப் பெருமைதான்.]

3

வருகிற வெள்ளிக்கிழமை அவருக்குப் பணி ஓய்வு. விடைபெறும் உரையும் மயிலாளைப் பற்றியே. கதைக்கு அனுமதி கேட்க நான் மயிலாளைத் தேடிச் சாமளாபுரம் போனேன். இப்போது வீட்டிலேயே தைக்கிறார். (இதுவரை 'அவள்' என்று எழுதிவிட்டேன். நேரில் பார்த்தபின் அப்படி எழுத வரவில்லை.)

"என்னப் பத்திக் கட்டுரைங்களா? என்னன்னு எழுதியிருக்காருங்க?"

சொன்னேன். ஊசியில் நூல் கோத்தபடியே சிரித்தார்.

"அந்தப் புள்ள என்னைய விட நல்லாத் தைக்குமுங்க. ஏன் எந்திரிக்கறேன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க."

"ஏனுங்க எந்திரிச்சீங்க?"

"அவரே வந்து கேக்கட்டுங்க."

4

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் உரைத் தாள்களை எடுத்துப் புரட்டினார்.

"கலை, நான் எழுதுனது அத்தனையும் தப்பா இருந்துட்டா?"

"இருக்கட்டுங்க. கெளம்புங்க."

இரண்டு முடிவுகள் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றில் அவர் உரையை மாற்றாமல் வாசிக்கிறார், அரங்கம் கைதட்டுகிறது. (முப்பது வருடம் இவரோடு குடும்பம் நடத்தியவளால் எழுத முடியாத முடிவு.) மற்றதில் அவர்...

5

மற்றதை முடிக்கவில்லை. இதைச் சாமளாபுரத்தில் காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். உரைத் தாள்களை என் மடியில் வைத்துவிட்டு, அவர் போய்க் கதவைத் தட்டிவிட்டார். உள்ளே மெஷின் சத்தம் நின்றது. மயிலாள் எழுந்துவிட்டார்.

அன்று ஏன் எழுந்தார் என்று நான் எழுதமாட்டேன். நீங்களும் ஊகிக்காதீர்கள். கேட்க வேண்டியவர் வாசலில் நிற்கிறார்.